முன்பாதி இக்கரை, பின்பாதி அக்கரை

உரேன்யா,
ஆகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பிற்குரிய மருமகன் எவேலியோவுக்கு,

உன் தாய்மாமன் ரெகுலோ எழுதிக்கொண்டது. இங்கே உன் அம்மாவும் அத்தையும் நானும் சுகம். கராகஸில் நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தே தெரிந்துகொண்டேன். சட்டமன்றத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய். அந்தக் கோட்டுக்குத் தோள்பட்டை சரியில்லை. தைத்தவன் யாரென்று தெரியாது, ஆனால் நம் தாச்சிரா மலைக்காரன் கிடையாது. நம் ஊர்க்காரன் அப்படி ஒரு தோளைத் தைத்துவிட்டுத் தெருவில் நடமாட முடியாது.

உன் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். வருகிற சனிக்கிழமை தேர்தல் கூட்டத்தை என் பட்டறை முற்றத்தில் வைக்கப்போகிறீர்களாம். மேடையும் ஒலிபெருக்கியும் அவர்களே கொண்டுவருவார்களாம். போன தேர்தல் முடிந்த கையோடு செய்தது போலவே நான் உன் பக்கத்தில் நின்று ஊருக்கு முன்னால் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். பாவம், அவளுக்கு என்னைத் தெரியாது. பத்து நிமிடத்தில் நான் தொண்டையைச் செருமிக்கூட முடித்ததில்லை. பதில் கடிதத்தில் வரும் என்றேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரித்தாள். போனில் உன் குரலைக் கேட்டால் நானும் சிரித்துவிடுவேன், எல்லாவற்றுக்கும் சரி சரி என்றுவிடுவேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கராகஸ் பஸ் ஓட்டுநர் என் ஆள். உன் கையிலேயே கொடுப்பான்.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை நீ வருகிறாய் என்றதும் வலி எங்கே போனதோ தெரியவில்லை. வெள்ளை ரவிக்கை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறாள். முன்வரிசை நடு நாற்காலி தனக்குத்தான் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. பாஸ்தெல் பொரிக்க மாவுக்கும் இறைச்சிக்கும் சொல்லிவைத்திருக்கிறாள். அணையில் தண்ணீர் வற்றிவிட்டதாம், மின்சாரம் ஒரு நாளைக்கு நாலு தடவை போகிறது. உன் அத்தை என் மேல் எரிந்து விழுகிறாள், என்னவோ அணைக்கட்டில் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தவன் நான்தான் என்பது போல.

இனிப் பட்டறை விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பட்டறையின் பெருமையை நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இங்கிருந்து பொலிவியா மலை உச்சிவரைக்கும் எவன் குனிந்தாலும் கிழியாத ஜீன்ஸ் போட்டிருந்தான் என்றால் அது என்னுடையது. சான் கிறிஸ்டோபல் திருவிழாவில் மாடு பிடிக்கிறவன் ஒருவன் என் ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு களத்தில் இறங்கியதும், மாடு ஒரு தடவை பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். லிசாந்த்ரோ அன்று மாட்டுக்கு வயிற்றுக்கோளாறு என்பான். அவன் அப்படித்தான். என் பெருமையை அரைப்பெருமையாக்குவதற்கே பிறந்தவன்.

அந்த லிசாந்த்ரோவை வைத்துத்தான் எல்லாமே. என் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன், ஆற்றுக்கு அக்கரையில் கொலம்பியாவில் கூக்குத்தாக்காரன், அந்த ஞான உறவில் எனக்குக் கொம்பாத்ரே. எங்கள் ஒப்பந்தம் உனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து துணிக்கட்டின் மேல் தூங்கிய நாளிலிருந்து அதைப் பார்த்திருக்கிறாய். ஜீன்ஸின் முன்பாதி இக்கரையில் என் பட்டறையில்: ஜிப், முன்பாக்கெட் எல்லாம் நம் பெண்கள் கை. பின்பாதி அக்கரையில் அவன் பட்டறையில்: பூவேலை செய்த பின்பாக்கெட், இடுப்புப் பட்டிக்குக் கீழே வரும் கூம்புத்துணி எல்லாம் அவர்கள் கை. வாரக்கடைசியில் யாருக்கு ஆர்டரோ அவர் பட்டறையில் இரண்டையும் வைத்துப் பக்கத்தையல் போடுவோம். முழு ஜீன்ஸ் எவனிடமும் கிடையாது. அதனால் எவனும் எவனையும் ஏமாற்றி விற்க முடியாது. கொம்பாத்ரே என்றாலும் மனுஷன்தானே, ஆசை வரும் என்று யோசித்து நான் கண்டுபிடித்த ஏற்பாடு. லிசாந்த்ரோ தான் கண்டுபிடித்ததாகச் சொல்வான், நம்பாதே.

ஆண்டிஸ் மலை நாடுகள் எல்லாம் ஒரே வணிகக் கூட்டில் இருந்தவரை அந்தப் பாதிகள் பாலத்தில் போவதும் வருவதும் அடுப்படிக்கும் கூடத்துக்கும் போய்வருவது போலத்தான் இருந்தது. எந்தப் பாதி எந்த நாட்டில் தைத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. எல்லாம் ஆண்டிஸ் சரக்கு, வரி கிடையாது, முடிந்தது.

அப்புறம் நம் நாடு கூட்டிலிருந்து விலகுகிறது என்று தலைநகரில் அறிவித்தார்கள். ஊர் அரண்டது. நீ புதுச் சட்டமன்ற உறுப்பினர், மறுவாரமே வந்தாய். முற்றத்தில் கூட்டம் போட்டோம். உரேன்யா முழுவதும் வந்தது. பாலத்தில் நின்றுகூடக் கேட்டார்கள். நீ என் லாரியின் மேல் ஏறி நின்று பேசினாய். இந்தக் கூட்டு வெளிநாட்டுக் கம்பெனிக்காரனுக்கு விலைபோய்விட்டது, நமக்கு அது வேண்டாம், நம் ஜீன்ஸ் இனித் தெற்கே பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போகும் என்றாய். பெண்கள் கை தட்டினார்கள். சொய்லா மட்டும் தட்டவில்லை. என் பட்டறையில் முதல் மெஷினில் உட்காருகிறவள், ஜிப் வைப்பதில் அவளுக்கு நிகரில்லை, வாயிலும்தான். எழுந்து ஒரே கேள்வி கேட்டாள்.

"பிரேசில் எல்லாம் இருக்கட்டும் தம்பி. நாளைக்கு நான் தைக்கிற முன்பாதி இந்தப் பாலத்தத் தாண்டுமா தாண்டாதா? அத மட்டும் சொல்லு."

நீ லாரியிலிருந்து குனிந்து அவள் கையைப் பிடித்தாய்.

"சொய்லாக்கா, பாலம் நம்ம வீட்டு நடை மாதிரி. நடையில எவனாச்சும் கதவு போடுவானா? அப்படி ஒண்ணு வர்ற மாதிரி இருந்தா, முதல் சேதி உங்களுக்கும் மாமாவுக்கும்தான்."

அதற்கப்புறம் நான் எழுந்து பேசினேன். மருமகன் வாக்கு என் வாக்கு என்று நெஞ்சில் அறைந்து சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது, நிழல் அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு வந்துவிட்டது. அழுதவர்கள் உண்டு. லிசாந்த்ரோ பசியில் அழுதார்கள் என்பான்.

பழைய சலுகை ஐந்து வருடம் நீடிக்கும் என்றாய். காகிதத்தில் இன்னும் நீடிக்கிறது, உண்மைதான். ஆனால் கீட்டோவிலிருந்து வாங்குகிறவர் அடுத்த வருடமே போய்விட்டார். நல்ல மனிதர், கோபிக்கவில்லை. நாளைக்கு என்ன விலையில் வந்து சேரும் என்று தெரியாத சரக்குக்கு எப்படி அண்ணே ஆர்டர் போடுவது என்று போனில் வருத்தமாகக் கேட்டார். பிறகு லிமாக்காரர் போனார். அர்ஜென்டினாவுக்கு என்று நீ சொன்னதை நம்பி, அங்கே எல்லோரும் நெட்டைகள் என்பதால், கால் நீளம் கூட்டி மாதிரி வெட்டினேன். பெட்டி பெட்டியாக அனுப்பினேன். பதில் இல்லை. ஒருவேளை அந்த நெட்டைக்கும் எட்டாத நீளமோ என்னவோ. இரண்டு அரசாங்கமும் ஒன்றையொன்று திட்டிக்கொண்ட வருடம் பாலத்தில் லாரிகள் வெயிலில் நின்று டயர் உருகியது. அது பழைய கதை, உனக்குச் செய்தியில் வந்திருக்கும்.

செய்தியில் வராததைச் சொல்கிறேன். சுங்கத்தில் புதிதாக ஓர் ஆள் வந்தார். மரக்காய்போ பக்கம், தங்கமான குணம். என் மூட்டையை அவிழ்த்து ஒரு முன்பாதியைத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பெரியவரே, இதற்குப் பின்பக்கம் எங்கே என்றார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றேன். அவரிடம் உள்ள பட்டியலில் துணி இருக்கிறது, பேன்ட் இருக்கிறது, அரை பேன்ட் இல்லை. ஜிப் இருப்பதால் துணி இல்லை. போட முடியாது என்பதால் பேன்ட் இல்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டார், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று படித்தவர்கள் என் முன்பாதியைச் சுற்றி நின்று தலையைச் சொறிந்தார்கள். கடைசியில், சரக்கு என்று பெயர் வைக்க முடியாததைச் சரக்காகத் தாண்டவிட முடியாது என்று முடிவாயிற்று.

இங்கே முன்பாதிகள் கூரைவரைக்கும், அங்கே பின்பாதிகள் கூரைவரைக்கும். பாதி பேன்ட்டை உலகத்தில் எவனுக்கு விற்பது? நானும் லிசாந்த்ரோவும் ஒருவரை ஒருவர் ஏமாற்றாமல் இருக்கப் போட்ட ஏற்பாடு, எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே கட்டிப்போட்டுவிட்டது.

சொய்லாதான் வழி கண்டாள். நான்தான் கண்டேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன், நீ மறுக்காதே. முன்பாதியை இடுப்பில் கட்டிக்கொண்டால் அது ஏப்ரன் என்றாள். மறுநாள் காலை உரேன்யா பெண்கள் இடுப்பில் மூன்று நான்கு ஏப்ரன் கட்டிக்கொண்டு பாலத்தில் நடந்தார்கள். ஒரே இரவில் ஊரே சமையல்காரிகளாகிவிட்டது. சில வாரம் நன்றாகப் போனது. பிறகு திரும்பி வரும்போது அதே ஆள் நிறுத்தி, போகும்போது கட்டியிருந்த ஏப்ரன் எங்கே அம்மா என்று கேட்டார். சொய்லா அசரவில்லை.

"கொலம்பியாவுல சமைச்சா அவ்வளவு அழுக்காகுது தம்பி. தூக்கிப் போட்டுட்டேன்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அன்றோடு அதுவும் நின்றது.

உனக்குப் போன் செய்தேன். பல தடவை. ஒரு தடவை எடுத்தாய். மாமா, கொஞ்சம் பொறுங்கள், பிரேசில் வருகிறது என்றாய், என்னவோ அது சான் அந்தோனியோவைத் தாண்டிவிட்டது, அடுத்த நிறுத்தம் நம் ஊர்தான் என்பது போல. நானும் அப்படியே பெண்களிடம் சொன்னேன். இன்னும் கொஞ்சம் சேர்த்தே சொன்னேன். பிரேசில் தூதர் என் பெயரைக் கேட்டதாகச் சொன்னேன்.

லிசாந்த்ரோ வந்து உட்கார்ந்தான். மெஷின்களோடு அக்கரைக்கு வந்துவிடுங்கள் கொம்பாத்ரே, என் கொட்டகையில் இடம் இருக்கிறது, முன்பாதியும் பின்பாதியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் எந்தச் சுங்கக்காரன் என்ன கேட்பான் என்றான். முடியாது என்றேன். என் மருமகன் வாக்குக் கொடுத்திருக்கிறான், அதற்கு நான் ஜாமீன் நின்றிருக்கிறேன், நான் கிளம்பினால் அவன் வாக்குப் பொய் என்று நானே தண்டோரா போட்டது போல் ஆகும் என்றேன். லிசாந்த்ரோ உன் அத்தை கொடுத்த அரிசி மசாத்தோவைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினான். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எத்தனை நாள் பொறுப்பான்? முன்பாதி தைக்க அங்கேயே ஆள் தேடினான். யார் போனார்கள் என்கிறாய்? என் பட்டறைப் பெண்கள்தான். காலையில் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய், பொழுது சாயத் திரும்பி வந்தார்கள். துணி தாண்டக் கூடாத பாலத்தில் கை மட்டும் தாண்டியது. முதலில் என் வாசல் வழியாகப் போகக் கூச்சப்பட்டுப் பின்தெருவில் சுற்றிப் போனார்கள். நானே கூப்பிட்டு இப்படியே போங்கள், வெயில் குறைவு என்றேன். சொய்லா மட்டும் போகவில்லை. ஓடாத மெஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருப்பாள்.

இதெல்லாம் கஷ்டம், மாப்பிள்ளை. துரோகம் இல்லை. அரசியலில் நினைத்தது நடக்காது, நீ சின்னப் பையன், பெரிய இடத்தில் உன் பேச்சு எடுபடாமல் போயிருக்கும் என்றுதான் இத்தனை நாளும் எல்லோரிடமும் சொன்னேன். என்னிடமும் சொல்லிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை லிசாந்த்ரோவின் பேத்திக்கு ஞானஸ்நானம். கூக்குத்தா போயிருந்தேன். விருந்துக்கு உன் மச்சான், உன் மனைவியின் கூடப்பிறந்தவன் எர்னானும் வந்திருந்தான். அவனுடைய பஸ் பாடி கட்டும் பட்டறை இப்போது லிசாந்த்ரோ கொட்டகைக்கு அடுத்த தெருவில்தான். பெரிய இடம், வாசலில் புது பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. நான் சும்மா இருக்காமல் அவன் முதுகில் தட்டி, நீ அதிர்ஷ்டக்காரன் எர்னான், மெஷினை ரிப்பேருக்கு என்று இங்கே கொண்டுவந்தாய், வந்த இடத்தில் நிலைத்துவிட்டாய் என்றேன். பீர் உள்ளே போயிருந்தது. அவன் சிரித்தான்.

"ரிப்பேரா? என்ன மாமா நீங்க. வணிகக் கூட்ட விட்டு வெளிய போகப் போறாங்க, ஓசப்படாம அக்கரைக்கு மாத்திருன்னு எவேலியோதான் ரெண்டு மாசம் முன்னாடியே சொன்னான். உங்ககிட்ட மூச்சு விடாதேன்னும் அவன்தான் சொன்னான். மாமா காதுல போட்டா ஊருக்கே போட்ட மாதிரின்னான்."

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லிசாந்த்ரோ மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த மெஷின்களை ஏற்றிப் போனது யார் லாரியில் என்று உனக்குத் தெரியும். எர்னான் கேட்டான், நான் கொடுத்தேன். கொடுத்ததோடு விடவில்லை, நானே ஓட்டினேன். வழியெல்லாம் பாடிக்கொண்டு போனேன். பாலத்துக் காவலர்களிடம், இது என் மருமகன் வீட்டுச் சரக்கு, அவன் சட்டமன்றத்துக்குப் போயிருக்கிறான் என்று நிறுத்தி நிறுத்திப் பெருமை அடித்தேன். இரண்டு மாதம் கழித்து என் முற்றத்தில் நீ ஏறி நின்றாயே, அதே லாரி. சொய்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் சேதி உங்களுக்கும் மாமாவுக்கும் என்றாயே, அப்போது உன் மச்சானின் மெஷின்கள் அக்கரையில் ஓடிக்கொண்டிருந்தன.

என் வாயைப் பற்றி நீ சொன்னது தப்பில்லை. எனக்குத் தெரிந்தால் சொய்லாவிடம் சொல்லியிருப்பேன். பெண்களிடம் சொல்லியிருப்பேன். லிசாந்த்ரோவிடம், பேக்கரிக்காரனிடம், பாதிரியாரிடம் எல்லாம் சொல்லியிருப்பேன். ஊரே அக்கரைக்குக் கிளம்பியிருக்கும், உன் கட்சியில் உன்னைக் கேள்வி கேட்டிருப்பார்கள். அதெல்லாம் புரிகிறது. ஆனால் ஒன்று. சுவரெல்லாம் டாக்டர் எவேலியோ என்று ஒட்டியிருக்கிறார்கள். கடைசி வருடப் பரீட்சையை எழுதாமலே நீ மெரிதா பல்கலைக்கழகத்திலிருந்து மூட்டையோடு திரும்பி வந்த நாளன்று பஸ் நிறுத்தத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான். மாமா, அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று அழுதாய். உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. உன் அத்தைக்குத் தெரியாது. லிசாந்த்ரோவுக்குக்கூடத் தெரியாது. பயப்படாதே, சனிக்கிழமையும் தெரியாது, அதற்கப்புறமும் தெரியாது. என்னால் வாயை மூட முடியாது என்று நீ நினைத்தாய் பார், அதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை.

இனிப் பதில். முற்றம் திறந்திருக்கும். அக்கா பிள்ளைக்கு நான் கதவை அடைக்க மாட்டேன். சாவி உன் அம்மாவிடம் இருக்கும். நாற்காலிகள் போதாவிட்டால் துணிக்கட்டுகளை இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொல். சொய்லாவின் கையை மட்டும் தேடிப் பிடிக்காதே, அவள் இருக்க மாட்டாள். நானும் இருக்க மாட்டேன். சனிக்கிழமை விடிந்ததும் என் மெஷின்களை ஏற்றிக்கொண்டு நானும் சொய்லாவும் லிசாந்த்ரோவின் கொட்டகைக்குப் போகிறோம். எனக்கு அங்கே மேற்பார்வை வேலை. நான் வருகிறேன் என்றதும் கூக்குத்தா மேயர் வரவேற்பு வளைவு கட்டுவதாகக் கேள்வி. பெண்களிடம் நானே போய், என் மருமகனுக்காக நான் கொடுத்த வாக்கு வீணாய்ப் போய்விட்டது, மன்னித்துவிடுங்கள் என்றேன். எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார்கள். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

ஒரே ஒரு விண்ணப்பம். கூட்டத்தில் உன் பக்கத்தில் நான் ஏன் நிற்கவில்லை என்று உன் அம்மா கேட்பாள். வெள்ளை ரவிக்கை போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தே கேட்பாள். என்னை முந்திக்கொண்டு நீயே உன் வாயால் சொல்லிவிடு. என்னிடம் கேட்க விட்டாயானால், நான் வழக்கம்போல உன்னை நல்லவனாக்கித்தான் ஒரு கதை சொல்லுவேன். இந்த வாய் உனக்காக அப்படியே பழகிவிட்டது, இந்த வயதில் மாற்ற முடியவில்லை.

நம் ஊரில் எந்தப் பிள்ளையும் ஆசீர்வாதம் கேட்காமல் மாமன் வாசலுக்குள் நுழைவதில்லை. நீயும் சனிக்கிழமை கேட்டுக்கொண்டேதான் நுழைவாய். எதிரில் நான் இருக்க மாட்டேன் என்பதால், நீ கேட்பதற்கு முன்பே இங்கே எழுதிவிடுகிறேன்: கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
ரெகுலோ